நாம் நன்றாக ஓட்டுகிறோம் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

நண்பர்களுக்கு வணக்கம். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். காவல் நிலையம் வரை போன விபத்து இதுவரை ஒன்றும் இல்லை. யாராவது கேட்டால் நிதானமாக ஓட்டுபவன் என்றுதான் என்னைப் பற்றிச் சொல்லி வந்திருக்கிறேன். கடந்த மாசியில், சம்பா அறுவடை முடியும் தருவாயில், தஞ்சாவூரிலிருந்து இரவு எட்டரை மணி அளவில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மாப்பேட்டையைத் தாண்டியதும் எதிரே வந்த லாரியின் ஹைபீம் வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது. லாரி கடந்து போன மறுகணம் முன்னால் ஒரு வைக்கோல் சுவர் நின்றது. சாலையின் அகலத்துக்கு வைக்கோல் ஏற்றிய டிராக்டர் அது; பின்விளக்கும் இல்லை, ஒளிரும் பட்டையும் இல்லை. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தபோது வைப்பர் இடுக்கில் இரண்டு கைப்பிடி வைக்கோல் செருகியிருந்தது.

வீடு வந்து சேரும் வரை மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பாடு போட்டபிறகு சொன்னார்: "டிராக்டர்க்காரர் மேல தப்பு இருக்கட்டும். நீங்க எப்பவுமே கிட்டப் போய்த்தான் பிரேக் போடுறீங்க. பத்து வருஷமா நான் காலால தரையை மிதிச்சுக்கிட்டேதான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

அந்தச் சொல் என்னை மிகவும் பாதித்தது. பத்து ஆண்டுகளாக என் பக்கத்து இருக்கையில் நடந்த ஒன்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அடுத்த வாரம் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்திருந்தவர்களில் கார் ஓட்டும் ஒன்பது பேரிடம் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டேன்: நம் சொந்தபந்தத்தில் ஓட்டுபவர்களை எல்லாம் திறமைப்படி வரிசையாக நிற்கவைத்தால் நீங்கள் முன்பாதியில் நிற்பீர்களா, பின்பாதியிலா? ஒன்பது பேரும் முன்பாதி என்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வண்டியை வாய்க்காலில் இறக்கியவரும் அப்படியே சொன்னார், அதை மனதார நம்பியும் சொன்னார்.

இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்க, ஸ்வீடன் மாணவர்களிடம் அவரும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். திறமையில் தாம் முன்பாதியில் இருப்பதாக அமெரிக்கர்களில் 93 விழுக்காட்டினரும் ஸ்வீடன் நாட்டவரில் 69 விழுக்காட்டினரும் சொல்லியிருக்கிறார்கள். நம் ஓட்டும் திறமையைப் பற்றி நாமே வைத்திருக்கும் எண்ணத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஓட்டுநர்களும் ஓட்டக் கற்றுத்தருபவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

கணக்கு ஆசிரியர் (கும்பகோணம்)

நல்ல கேள்வி. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "பெரும்பாலோர் சராசரியைவிட மேல் என்பது நடக்கவே முடியாதது" என்று சிலர் எழுதுவார்கள், அது தவறு. பத்து ஓட்டுநர்களில் ஒன்பது பேர் ஒரு விபத்தும் செய்யாமல், பத்தாமவர் மட்டும் பத்து விபத்துகள் செய்திருந்தால், சராசரி ஆளுக்கு ஒன்று. அந்த ஒன்பது பேரும் சராசரியைவிட மேலானவர்கள் என்பது கணக்குப்படி உண்மை. ஆனால் வரிசையில் நிற்கவைத்துப் பாதியில் பிரித்தால் இந்தச் சமாதானம் எடுபடாது, ஏனென்றால் முன்பாதியில் பாதிப்பேருக்குத்தான் இடம். நீங்கள் காதுகுத்தில் கேட்டதும் ஸ்வென்சன் கேட்டதும் வரிசையைப் பற்றிய கேள்விகள் என்பதால், 93 விழுக்காட்டினரில் ஒரு பெரும் பகுதியினர் தம்மைத் தவறாக எடைபோட்டிருக்கிறார்கள் என்றே கொள்ளவேண்டும். எந்தப் பகுதியினர் என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது.

அதே ஆய்வில் பாதுகாப்பாக ஓட்டுவது பற்றியும் கேட்டிருக்கிறார். அதில் அமெரிக்கர்களில் 88, ஸ்வீடன் நாட்டவரில் 77 விழுக்காட்டினர் தம்மை முன்பாதியில் வைத்திருக்கிறார்கள். திறமையில் அடக்கமாகப் பேசிய ஸ்வீடன் மாணவர்கள்கூடப் பாதுகாப்பு என்று வந்ததும் மேலே ஏறிவிட்டதைக் கவனியுங்கள்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர் (பாபநாசம்)

நான் முப்பத்தோராண்டு பேருந்து ஓட்டியவன். படிப்பறிவு குறைவு, என் மகள் தட்டச்சு செய்து தருகிறாள்.

நன்றாக ஓட்டுகிறோம் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. பணியில் சேர்ந்த முதல் ஆறு மாதம் பயம் இருந்தது, அதனால் தப்பு குறைவு. இரண்டாவது, மூன்றாவது வருடத்தில்தான் கை பழகி, கியர் தானாக விழுந்து, வளைவு எல்லாம் மனப்பாடமாகி, வண்டி என் உடம்பு மாதிரி ஆகிவிட்டது. அந்த வருடங்களில்தான் நான் மிகவும் ஆபத்தான ஓட்டுநராக இருந்தேன் என்பது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

தெரிந்தது எப்படி என்று சொல்கிறேன். ஒரு நாள் காலை கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் டிரிப். அய்யம்பேட்டைக்கு முன்னால் ஒரு கரும்பு வண்டியை ஓவர்டேக் செய்தேன். எதிரில் ஒருவர் சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டி வந்துகொண்டிருந்தார். இடம் போதும் என்று என் கணக்கு. ஏறினேன், கடந்தேன், இடது பக்கம் ஒதுங்கினேன். வண்டியில் ஒரு கீறல் இல்லை, பயணிகள் ஒருவரும் சத்தம் போடவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் நான் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கமாட்டேன். அன்று ஏனோ பார்த்தேன். அந்த மனிதர் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கி, சைக்கிளோடு சரிந்து கிடந்தார். பால் வெள்ளையாகச் சாலையில் ஓடி வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். அடி இல்லை, முழங்கை சிராய்ப்புதான். "நீங்க வந்த வேகத்தைப் பார்த்து நான் இறங்கிட்டேன் சார்" என்றார். அன்றைக்கு ஊற்றவேண்டிய வீடுகளுக்கு என்ன செய்வது என்றுதான் அவருக்குக் கவலை. பால் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணாடியைப் பார்க்காத நாட்களில் எத்தனை பேர் மண்ணில் இறங்கியிருப்பார்கள்? நான் சரியாகக் கணக்குப் போட்டுக் கடந்தேன் என்று நினைத்த இடங்களில் எல்லாம் எதிரே வந்தவர் ஒதுங்கியதால் கடந்தேனா, என் திறமையால் கடந்தேனா? நம் தப்பை மற்றவர்கள் பிரேக் போட்டும் ஒதுங்கியும் சரிசெய்துவிடுகிறார்கள். அந்தச் செய்தி நமக்கு வந்து சேர்வதில்லை. நமக்குத் தெரிவது எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்பது மட்டும்தான்.

அதற்குப் பிறகு நான் என்னை அளக்க ஒரு வழி வைத்துக்கொண்டேன். வண்டிக்குள் இருக்கும் பெரிய கண்ணாடியில் நின்றுகொண்டு வரும் பயணிகளின் கையைப் பார்ப்பேன். கம்பியைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றால் சரி. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தால் என் பிரேக்கில் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

மன்னை ரைடர் (மன்னார்குடி)

ஐயா சொன்னது மனதைத் தொட்டது. இருந்தாலும் ஒரு சந்தேகம். நான் ஐந்து வருடங்களில் பைக்கில் அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். ஒரு முறை கூட விழுந்ததில்லை, யாரையும் இடித்ததில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைவிட இந்தக் கணக்கு வலுவான சான்று இல்லையா? திறமை இல்லாதவனால் அறுபதாயிரம் கிலோமீட்டர் போகமுடியுமா?

கணக்கு ஆசிரியர் (கும்பகோணம்)

முடியும் தம்பி. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே மிக அதிகமான எண்ணிக்கை அது. அவற்றில் இறந்தவர்கள் 17,884 பேர். மனதை உலுக்கும் எண்கள் இவை. ஆனால் அதே மாநிலத்தில் அப்போது பதிவுபெற்றிருந்த வண்டிகள் ஏறக்குறைய மூன்று கோடி. வகுத்துப் பாருங்கள்: சுமார் 470 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒரு விபத்து என்று வரும். ஒரு விபத்தில் இரண்டு வண்டிகள் இருக்கலாம், சிறிய மோதல்கள் பதிவாவதே இல்லை, பல வண்டிகள் ஓடாமலே நிற்கின்றன. இதற்கெல்லாம் இடம் கொடுத்து அந்த எண்ணைப் பத்து மடங்கு மாற்றிக்கொண்டாலும், ஒருவர் ஐந்தாண்டு விபத்தில்லாமல் ஓட்டுவது வியப்பான செய்தி ஆகாது. மற்றவர்களைவிட மூன்று மடங்கு ஆபத்தாக ஓட்டுபவருக்கும் அந்த ஐந்தாண்டு அமைதியாகக் கழிந்துவிட வாய்ப்பு அதிகம். ஆகவே உங்கள் அறுபதாயிரம் கிலோமீட்டர் பொய்யல்ல. நல்ல ஓட்டுநரையும் சுமாரான ஓட்டுநரையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு அது போதாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1965-இல் பிரெஸ்டன், ஹாரிஸ் என்ற இருவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஓர் ஆய்வு செய்தார்கள். விபத்துக்குள்ளாகி மருத்துவமனையில் இருந்த ஓட்டுநர்கள் 50 பேர். விபத்தில்லாத ஓட்டுநர்கள் 50 பேர். முதல் குழுவில் 34 பேர்மீதுதான் தவறு என்று காவல்துறைப் பதிவு சொன்னது. ஆனால் தம் திறமைக்குத் தாமே கொடுத்துக்கொண்ட மதிப்பில் இரு குழுக்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதும் அந்த எண்ணம் அசையவில்லை.

நம் தஞ்சை மண்ணிலிருந்தே ஒரு ஒப்பீடு சொல்லத் தோன்றுகிறது. மிருதங்கம் வாசிப்பதில் நீங்கள் முன்பாதியா என்று இதே ஒன்பது உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவரும் ஆம் என்று சொல்லமாட்டார். தாளம் தப்பினால் வாசிப்பவருக்கே கேட்டுவிடும், திருவையாற்றில் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்டுவிடும். ஜஸ்டின் குரூகர் என்ற உளவியலாளர் 1999-இல் இதையே காட்டினார்: எளிதாகத் தோன்றும் வேலைகளில் மக்கள் தம்மைப் பிறரைவிட மேலாகவும், கடினமான வேலைகளில் பிறரைவிடக் கீழாகவும் மதிக்கிறார்கள். கார் ஓட்டுவது பழகியபின் எளிதாகத் தோன்றுகிறது. அங்கே தாளம் தப்புவது நம் காதில் விழுவதில்லை. பால்காரர் மண்ணில் இறங்கிவிடுகிறார்.

தேரடி (திருவாரூர்)

நான் நாற்பத்தொன்றாவது வயதில் கார் கற்றுக்கொண்ட பள்ளி ஆசிரியை. என் அனுபவம் தலைகீழானது. நான் மோசமாக ஓட்டுகிறேன் என்றே நீண்ட நாள் நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் எளிது. என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தால், "அக்கா, இவ்வளவு மெதுவா போனா பின்னால வர்றவன் என்ன நினைப்பான்" என்று சொல்லிக்கொண்டே வருவான். சந்தில் ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுப்பது, இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து வெளியேறுவது, கியரைச் சத்தமில்லாமல் மாற்றுவது, இவைதாம் அவனுக்கு ஓட்டும் திறமை. எனக்குத் திறமை என்பது பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் சாலையைக் கடக்க நின்றால் முன்கூட்டியே நிறுத்துவது. இருவரிடமும் "நீங்கள் நன்றாக ஓட்டுகிறீர்களா" என்று கேட்டால் இருவரும் ஆம் என்று சொல்லக்கூடும், இருவரும் உண்மையே சொல்லியிருப்போம். ஏனென்றால் ஆளுக்கொரு அளவுகோலை, அதுவும் தனக்கு எது கைவருமோ அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம்.

இதனால் "திறமை" என்ற பொதுச் சொல்லை விட்டுவிட்டுத் தனித்தனியாகக் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறேன்? இரவில் எதிரே வண்டி வரும்போது டிம் செய்கிறேனா? கொரடாச்சேரி போகும் வழியில் ஆற்றங்கரையை ஒட்டிய வளைவுகளில் மறுபக்கம் தெரியாமல் ஏறுகிறேனா? இவற்றுக்கு ஆம், இல்லை என்ற பதில் உண்டு. "நான் நல்ல ஓட்டுநர்" என்பதற்கு அப்படி ஒரு பதில் இல்லை.

மன்னை ரைடர் (மன்னார்குடி)

ஆசிரியர் போட்ட கணக்கு நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கூடுதல் பயிற்சி எடுத்துக்கொண்டால் திறமையும் கூடும், தன்னைப் பற்றிய எண்ணமும் சரியாகிவிடும் அல்லவா? சடன் பிரேக், வழுக்கும் சாலை இவற்றுக்கெல்லாம் தனிப் பயிற்சி இருக்கிறதே.

பயிற்சியாளர் (மயிலாடுதுறை)

பதினெட்டு ஆண்டுகளாக ஓட்டுநர் பயிற்சி அளித்து வருகிறேன். தம்பியின் கேள்விக்கு நான் விரும்பும் பதில் வேறு, உண்மையான பதில் வேறு. 1996-இல் கிரெகர்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர், பயிற்சி பெறும் ஓட்டுநர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். வழுக்கும் தரையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் திறமையை ஒரு குழுவுக்குக் கற்றுக்கொடுத்தார். அதே தரையில் தம் கட்டுப்பாடு எவ்வளவு எளிதாகக் கைநழுவும் என்பதை மற்றக் குழு உணரும்படி செய்தார். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, முதல் குழுவினர் தாம் அதிகம் சாதிப்போம் என்று எதிர்பார்த்தார்கள். ஓட்டிக் காட்டியபோது இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. பயிற்சி அவர்கள் கையைவிட நினைப்பைத்தான் உயர்த்தியிருந்தது. இதைப் படித்தபிறகு என் பாடத்திட்டத்தையே மாற்றிக்கொண்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான். அடிப்படை பழகியபின், கண்ணில் படுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்கிறேன். "இடப்பக்கம் மதகில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் பாதிச் சாலையில் நெல் காய்கிறது." இங்கே நான் நிறுத்தி, நெல்லைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்பேன். பெரும்பாலோர் பார்த்திருக்கமாட்டார்கள். வண்டி ஏறாமல் இருக்க வரப்பு போலக் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். சாயங்காலம் நெல்லை வாரிக்கொண்டு போய்விடுவார்கள். சில இடங்களில் கற்கள் அங்கேயே கிடக்கும். நெல்லைப் பார்த்தவர் பாதி பார்த்தவர். இருட்டியபின் மிஞ்சப்போகும் கல்லையும் நினைத்தவரே சாலையைப் பார்த்தவர். ஸ்டியரிங், கிளட்ச் இவற்றில் யாருக்கும் தன்னைப் பற்றிப் பெரிய மயக்கம் இல்லை, வண்டி நின்றுபோனால் தெரிந்துவிடும். ஆபத்தை முன்கூட்டிக் காண்பதில்தான் மயக்கம் அதிகம், ஏனென்றால் காணாமல் விட்டதைக் காணாமல் விட்டோம் என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. பிரிட்டனில் 2002 நவம்பர் முதல் இதற்கென்றே தனித்தேர்வு வைத்திருக்கிறார்கள். திரையில் ஓடும் சாலைக்காட்சியில் ஆபத்து உருவாகும் கணத்தைச் சரியாகக் காட்டவேண்டும். நாம் இரு சக்கர வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டுவதில் காலை ஊன்றாமல் திருப்புகிறாரா என்பது தெரியும், கல்லைப் பார்த்தாரா என்பது தெரியாது.

கடற்கரைச் சாலை (நாகப்பட்டினம்)

என் தந்தைக்கு எழுபத்திரண்டு வயது. இரவில் எதிர்வெளிச்சம் பூவாக விரிகிறது என்று சொல்லிக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தார்; பழைய அனுபவம் போதும் என்றார். கண்புரை இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் வேளாங்கண்ணி வரை ஓட்டிவிட்டு வந்து, "இத்தனை நாளா சாலையோரம் நடந்து போறவங்களை நான் பார்க்கவே இல்லைப்பா" என்றார். திருவிழாக் காலத்தில், கொடியேற்றத்துக்கு முன்பிருந்தே இரவெல்லாம் நடந்து வரும் பக்தர்களைத்தான் சொன்னார். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் குறைந்தது தெரிவதில்லை. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

எல்லோருக்கும் நன்றி. ஓட்டுநர் ஐயா பயணிகளின் கையைப் பார்த்தது போல நானும் ஒன்று செய்து பார்த்தேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் வரை ஓட்டினேன். மனைவியின் மடியில் பால் கணக்கு எழுதும் சிறு நோட்டு. தன்னை அறியாமல் காலால் தரையை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு கோடு போடவேண்டும். என்னிடம் எதுவும் சொல்லக்கூடாது. எனக்கும் ஒரு வேலை இருந்தது: எத்தனை கோடு விழுந்திருக்கும் என்பதை வீட்டுவாசலில் நான் முதலில் சொல்லவேண்டும்.

அன்று நான் கவனமாகவே ஓட்டினேன், சோதனை என்று தெரியுமே. மூன்று என்றேன். நோட்டில் பதினேழு கோடுகள் இருந்தன.

அடுத்த முறை தேரடி அம்மா சொன்னபடி இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டேன். முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று மனதுக்குள் எண்ணி, அதன்பிறகுதான் நான் அந்தக் கல்லைத் தாண்டவேண்டும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் போகிறோம் என்பதால், இரண்டு நொடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் வருகிறது. நான் வழக்கமாக விட்ட இடைவெளியில் "ஆயிரத்தொன்று" கூட முழுதாகச் சொல்லமுடியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைத்தான் போதுமான இடைவெளி என்று நம்பியிருக்கிறேன். அந்த நாள் கோடுகள் ஒன்பது. நான் சொன்னது ஐந்து.

ஓய்வுபெற்ற ஓட்டுநர் (பாபநாசம்)

பதினேழிலிருந்து ஒன்பது நல்ல மாற்றம். ஒன்று கேட்கிறேன். அந்த ஒன்பது கோடுகளும் எந்த எந்த இடத்தில் விழுந்தன என்று அம்மாவிடம் கேட்டீர்களா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

நீங்கள் கேட்டபிறகு கேட்டேன் ஐயா. சாலியமங்கலத்தில் ஒன்று, அம்மாப்பேட்டை கடைவீதியில் இரண்டு. மீதி ஆறும் நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி எங்கள் தெரு வரையில், மூன்று கிலோமீட்டருக்குள் விழுந்தவை. அந்தத் துண்டில் எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.